அஷ்டமி நிலவும் கைபேசிக் கேமராவும்

தொலைநோக்கி வழியாக நிலவைப் படம் எடுக்கலாம் என்று வகுப்பில் சொன்னதும் வரும் முதல் கேள்வி, "பௌர்ணமி எப்போ மிஸ்?" என்பதுதான். பௌர்ணமி நிலவு கண்ணுக்கு அழகு. தொலைநோக்கிக்கு மாதத்திலேயே மிக மோசமான நாள் அது. அன்று சூரிய ஒளி, நாம் பார்க்கும் திசையிலிருந்தே நிலவின் மீது விழுகிறது. நிழல் என்பதே இல்லை. மலையும் பள்ளமும் தட்டையாகி, நிலவு சுண்ணாம்பு பூசிய தட்டு போல இருக்கும்.

இதைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குக்கூட ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். ஒரு தட்டில் செங்கல் தூளைப் பரப்பி, அதன் மேல் மெல்லிய அடுக்காகக் கோலமாவைத் தூவுங்கள். ஒரு கோலிக்குண்டை மேலிருந்து போட்டு, மெதுவாக எடுத்துவிடுங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் தட்டுக்கு நேர் மேலே பிடித்தால் குழி இருப்பதே சரியாகத் தெரியாது. அதே விளக்கைத் தட்டின் விளிம்பருகே தாழ்த்திப் பிடித்தால் குழியின் ஒரு சுவர் ஒளிரும், மறுபக்கம் கருநிழல் விழும். குழியைச் சுற்றிச் செந்தூள் கதிர் கதிராகத் தெறித்திருப்பதையும் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். டைக்கோ என்னும் கிண்ணக்குழியைச் சுற்றி நிலவில் தெரியும் வெண்கதிர்களும் இவ்வாறு மோதலில் தெறித்தவையே. இந்தக் கதிர்களைப் பார்க்க மட்டும் பௌர்ணமி ஏற்ற நாள்.

ஆக, நாம் தேட வேண்டியது ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டை. அந்தக் கோட்டில் நிற்பவருக்கு அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. நம் ஊரில் காலை ஆறு மணிக்கு நம் நிழல் தெருவின் கோடி வரை நீள்வது போல, அங்கே சிறு மேட்டின் நிழலும் பல கிலோமீட்டர் நீள்கிறது. நிலவின் நடுக்கோட்டில் இந்த எல்லை மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. நாம் மிதிவண்டியில் போகும் வேகம்தான். மாலை ஆறரைக்கு ஒரு படமும் எட்டரைக்கு ஒரு படமும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், முதல் படத்தில் இருளில் இருந்த ஒரு மலைமுகடு இரண்டாவதில் ஒளிப்புள்ளியாகத் தெரிய வாய்ப்புண்டு.

நாள்காட்டியில் இருக்கும் அட்டவணை

எந்த நாளில் எந்தக் கிண்ணக்குழி தெரியும் என்பதற்குச் செயலிகள் உண்டு. ஆனால் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும். திதி என்பது நிலவுக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட கோண அளவு. அமாவாசையில் 0 டிகிரியில் தொடங்கி, ஒவ்வொரு 12 டிகிரிக்கும் ஒரு திதி. வளர்பிறை அஷ்டமி 84 டிகிரியில் தொடங்கி 96 டிகிரியில் முடிகிறது. சரிபாதி நிலவு 90 டிகிரியில், அதாவது அஷ்டமியின் நட்டநடுவில் வருகிறது. 360ஐ 12ஆல் வகுத்தால் 30 திதிகள் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவரே சொல்லிவிடுவார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள்காட்டித் தாளில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் காலையில் உள்ள திதி. அது எத்தனை மணி வரை என்பதையும் பார்த்து, மாலையில் உள்ள திதியைக் கொள்ளுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில மணி நேர வேறுபாடு வரும். நம் வேலைக்குத் திருக்கணிதமே பொருந்தும்.

வளர்பிறை சஷ்டியில் தியோஃபிலஸ், சிரில்லஸ், கேதரினா என்ற மூன்று கிண்ணக்குழிகள் வரிசையாகத் தெரியும். முதலாவதன் விட்டம் சுமார் 100 கி.மீ. அஷ்டமியில் டாலமேயஸ் தலைமையில் இன்னொரு மூவர் அணி. நவமி மாலைதான் எனக்குப் பிடித்தது. சமவெளியின் நடுவே அளவுகோல் வைத்துக் கீறியது போல 'நேர்ச்சுவர்' என்னும் 110 கி.மீ. நீளக் கருங்கோடு, தரை கருத்த பிளேட்டோ, தெற்கே டைக்கோ, அதற்கும் கீழே தன் தரைக்குள் குட்டிக் குழிகளை வளைவாக அடுக்கிவைத்திருக்கும் கிளேவியஸ். தசமியில் 93 கி.மீ. விட்டமுள்ள கோப்பர்நிக்கஸ், படியாய் இறங்கும் சுவர்களுடன் வெளிப்படும். நிலவு நமக்குச் சற்றே தலையாட்டிக்கொண்டே சுற்றுவதால் இவை ஒரு திதி முன்பின் ஆகலாம்.

பள்ளி நேரத்திலேயே பார்க்கலாம்

பல பள்ளிகளில் தொலைநோக்கி இருக்கிறது. நன்கொடையாகவோ திட்ட நிதியிலோ வந்து, ஆய்வகப் பீரோவில் பூட்டியபடியே இருக்கிறது. காரணம் கேட்டால், "ராத்திரி பிள்ளைகளை எப்படி வரவழைப்பது?" என்பார்கள். நியாயமான கவலை. இரவு எட்டு மணிக்கு ஒரு மாணவியைத் தனியே வீட்டுக்கு அனுப்ப எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

ஆனால் நிலவு இரவில் மட்டும் வருவதில்லை. வளர்பிறை அஷ்டமி நிலவு நண்பகலை ஒட்டி உதிக்கிறது. மாலை நான்கு மணிக்குக் கிழக்கு வானில் நன்றாக மேலே ஏறியிருக்கும். தேய்பிறை அஷ்டமி நிலவோ நள்ளிரவில் உதித்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது மேற்கு வானில் நிற்கும். நீல வானப் பின்னணியில் வெளிறித் தெரிந்தாலும் எல்லைக்கோட்டுக் குழிகள் சிறு தொலைநோக்கியில் தெரியவே செய்யும். மாதத்தில் இரண்டு முறை, பள்ளி வேலை நேரத்தை ஒட்டியே வாய்ப்பு வருகிறது.

பகலில் பார்க்கும்போது ஒரு விதி, இதில் தளர்வே கூடாது. தொலைநோக்கி ஒரு நொடிகூடச் சூரியனை நோக்கித் திரும்பக் கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும். காலையில் சூரியன் கிழக்கே, நிலவு மேற்கே. எனவே கட்டடத்தின் மேற்குப் பக்க நிழலில் கருவியை நிறுத்துங்கள். மாலையில் கிழக்குப் பக்க நிழலில். சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் முழுவதும் மறைந்திருக்க வேண்டும். ஆசிரியர் கருவியை விட்டு நகரக் கூடாது. நகர வேண்டியிருந்தால் மூடியைப் போட்டுவிட்டு நகருங்கள். நிலவொளியால் கண்ணுக்குத் தீங்கு இல்லை. கூசும், அவ்வளவுதான்.

இருட்டியபின் பார்க்க விரும்பினால் பெற்றோரையும் அழையுங்கள். அசோக் நகர் போன்ற பகுதியில் பெரும்பாலான பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில்தான் இருக்கிறார்கள். அசோகத் தூணைச் சுற்றியுள்ள தெருக்களின் விளக்கு வெளிச்சத்தில் நட்சத்திரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நிலவுக்கு அந்த வெளிச்சம் ஒரு பொருட்டே இல்லை. நகரத்து ஆசிரியருக்கு வானியலில் கிடைக்கும் முதல் பொருள் நிலவுதான்.

கருவியும் கைபேசியும்

70 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கி போதும். 114 மி.மீ. ஆடித் தொலைநோக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. உருப்பெருக்கம் என்பது பொருளருகு லென்ஸ் அல்லது ஆடியின் குவியத்தொலைவை, கண்ணருகு லென்ஸின் குவியத்தொலைவால் வகுத்த ஈவு. 900 மி.மீ. குவியத்தொலைவுள்ள கருவியில் 25 மி.மீ. கண்ணருகு லென்ஸ் போட்டால் 36 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 90 மடங்கு. முதலில் 36இல் தொடங்குங்கள். முழு நிலவும் சுற்றிலும் கொஞ்சம் வானமும் தெரியும்; தேடுவது எளிது. பகலிலேயே தொலைவிலுள்ள ஒரு கைபேசிக் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ வைத்து, தேடு தொலைநோக்கியைப் பெரிய குழாயுடன் ஒத்துவரச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கைபேசியைக் கையால் பிடித்து எடுக்கலாம். பத்தில் ஒன்று தேறும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிடிமானம் ஒன்றை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மூன்று கேமரா உள்ள கைபேசியில் முதன்மைக் கேமராவை மட்டும் கண்ணருகு லென்ஸின் நடுவுக்கு நேராக வையுங்கள். சில கைபேசிகள் தாமாகவே வேறு கேமராவுக்கு மாறிவிடும். படம் திடீரென்று கருத்தால் காரணம் அதுதான். திரையில் நிலவின் மீது விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்ச அளவை நன்றாகக் குறையுங்கள். கைபேசி தானாக எடுக்கும்போது கருவானத்தைப் பார்த்து ஏமாந்து, நிலவை வெள்ளைத் திட்டாக்கிவிடும். 'புரோ' முறை இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100, நொடியில் 125இல் ஒரு பங்கு என்று தொடங்கி, படத்தைப் பார்த்து மாற்றுங்கள். பொத்தானைத் தொடும் அதிர்வே படத்தைக் கெடுக்கும். மூன்று நொடி டைமர் வையுங்கள். கம்பியுள்ள இயர்போனின் ஒலிப் பொத்தானும் பல கைபேசிகளில் படம் எடுக்கும்.

பூமி சுழல்வதால் நிலவு தன் விட்ட அளவு நகர இரண்டு நிமிடமே ஆகும். கருவியைத் தொடாமல் நிறுத்திவைத்து, நிலவு காட்சியை விட்டு வெளியேறும் நேரத்தை மாணவர்களைக் கொண்டு அளக்கச் சொல்லுங்கள். பூமியின் சுழற்சியைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சென்னைக்கே உரிய சிக்கல், சூடு. பகலெல்லாம் வெந்த மொட்டைமாடி இரவில் அந்த வெப்பத்தைக் கக்கும்; நிலவு, கிணற்றுத் தண்ணீருக்குள் கிடக்கும் காசு போல நெளியும். கோடையில் மாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுப்பது நம் பழக்கம். ஒரு மணி நேரம் முன்பு அதையே செய்யுங்கள். மண் தரையுள்ள பள்ளி மைதானம் மாடியைவிட நல்லது. இந்த நெளிவை வெல்ல இன்னொரு வழி, படத்துக்குப் பதிலாக அரை நிமிடக் காணொளி எடுப்பது. ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அதன் நூற்றுக்கணக்கான சட்டங்களில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும்.

சென்னைக்குச் சாதகமும் ஒன்று உண்டு. 13 டிகிரி அட்சத்தில் இருப்பதால், உச்சி கடக்கும் நேரத்தில் இங்கே நிலவு எந்த மாதத்திலும் தொடுவானிலிருந்து ஏறத்தாழ 48 டிகிரிக்குக் கீழே போவதில்லை. லண்டனில் சில மாதங்களில் அது 10 டிகிரியைத்தான் தொடும். உயரத்தில் இருக்கும் நிலவை நாம் மெல்லிய காற்றடுக்கின் வழியே பார்க்கிறோம்.

ஆனால் இதனாலேயே ஒரு குழப்பமும் வருகிறது. புத்தகப் படங்களில் வளர்பிறை அரை நிலவுக்கு எப்போதும் வலப்பக்கம் ஒளிரும். அது வட அட்சங்களில், தெற்கு நோக்கி நிலவைப் பார்ப்பவர்கள் வரைந்தது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சென்னையில் அந்த நிலவு நம் தலைக்கு வடக்கே உச்சியைக் கடக்கிறது. வடக்கு நோக்கி நின்று பார்க்கும் குழந்தைக்கு இடப்பக்கம் ஒளிரும். நள்ளிரவில் அது மறையும்போது ஒளிர்பாதி கீழே, படகு போல. "புத்தகத்தில் இப்படி இல்லையே" என்று ஒரு மாணவர் கேட்டால், அவர் வானத்தைப் பார்த்திருக்கிறார் என்று பொருள். போதாக்குறைக்கு, ஆடித் தொலைநோக்கி படத்தைத் தலைகீழாக்கும். கண்ணருகே வளைமூக்கு பொருத்திய லென்ஸ் தொலைநோக்கி இடவலம் மாற்றும். பெயர் குறிக்கும் முன் முதல் வகையை 180 டிகிரி சுழற்றவும், இரண்டாம் வகையைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பவும் வேண்டும்.

படத்தை அளத்தல்

அழகான படம் வாட்ஸ்அப் நிலைத்தகவலோடு முடிந்துவிடும். அளந்த படம் குறிப்பேட்டில் நிற்கும். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் சாதாரணப் பட மென்பொருளைத் திறந்தாலே போதும். நிலவின் விட்டம் 3474 கி.மீ. உங்கள் படத்தில் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை 1800 படப்புள்ளிகள் இருந்தால், ஒரு புள்ளி 1.93 கி.மீ. நிலவின் நடுப்பகுதியில் 48 புள்ளி அகலமுள்ள கிண்ணக்குழியின் விட்டம் சுமார் 93 கி.மீ. கோப்பர்நிக்கஸ் கிடைத்துவிட்டது. விகிதம் பற்றிய பாடமும் முடிந்தது.

அடுத்தது மலையின் உயரம். கலிலியோ 1610இல் வெளியிட்ட நூலிலேயே இந்த வழி இருக்கிறது. அரை நிலவு நாளில் எல்லைக்கோட்டுக்கு அப்பால், இருளுக்குள் தனித்து மின்னும் ஒளிப்புள்ளிகளைத் தேடுங்கள். அவை சுற்றுப்புறத்துக்கு முன்பே வெயில் பட்ட மலைமுகடுகள். எல்லைக்கோட்டைத் தொட்டுச் செல்லும் சூரியக் கதிர், நிலவின் ஆரத்துக்குச் செங்குத்தாகப் போய் அந்த முகட்டில் படுகிறது. ஒரு பக்கம் ஆரம், மறுபக்கம் எல்லைக்கோட்டிலிருந்து முகடு வரை உள்ள தூரம், கர்ணம் ஆரத்தோடு மலையின் உயரம். எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் அப்படியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. உயரம் ஆரத்தைவிட மிகச் சிறியது என்பதால் சுருக்கிப் பார்த்தால், தூரத்தின் வர்க்கத்தை நிலவின் விட்டத்தால் வகுத்தால் போதும்.

நம் 1800 புள்ளிப் படத்தில் முகடு கோட்டிலிருந்து 60 புள்ளி தள்ளி இருப்பதாகக் கொள்வோம். தூரம் 115.8 கி.மீ.; அதன் வர்க்கத்தை 3474ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.9 கி.மீ. நம் தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எல்லைக்கோடு கத்தியால் வெட்டியது போல இருக்காது. எங்கே தொடங்கி அளப்பது என்பதில் குழுவுக்குக் குழு வேறுபடும். மூன்று குழுக்களை அளக்கவைத்துச் சராசரி எடுங்கள். அளவீட்டுப் பிழை என்பதை இதைவிட நன்றாக எந்தப் பாடமும் காட்டாது. அரை நிலவுக்கு முன்பின் நாட்களில் இந்த எளிய வாய்பாடு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அது நீங்கள் எடுத்த படம்தானா?

இங்கே ஒரு புதுச் சிக்கல். சில கைபேசிகள் நிலவை அடையாளம் கண்டதும், தம் நினைவிலுள்ள பயிற்சியைக் கொண்டு விவரங்களைத் தாமே கூட்டிவிடுகின்றன. 2023இல் ஒரு பயனர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தைக் கணினித் திரையில் காட்டி, தூரத்திலிருந்து தன் கைபேசியால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்தன. உலகெங்கும் அது விவாதமானது. இந்தச் சோதனையை நம் வகுப்பிலும் செய்யலாம். வகுப்பிலுள்ள வெவ்வேறு கைபேசிகளை வைத்துச் செய்தால் முடிவுகளும் வேறுபடும். அதைப் பற்றியே ஒரு பாடவேளை பேசலாம்.

நிலவைப் படமெடுக்கும் முன் காட்சி மேம்படுத்தல், இரவு முறை ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, மணி, இடம், கருவி, எடுத்தவர் பெயர் எழுதப்பட வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எடுத்த படத்தைப் பார்த்து, "இது நெட்ல சுட்டது" என்று சக மாணவன் சொல்ல, அவள் சண்டை போடவில்லை. மாலை 6.40, 8.10 ஆகிய இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, இடையில் எந்த முகட்டில் வெளிச்சம் ஏறியது என்று காட்டினாள். எழுதிவைத்த நேரம்தான் அவள் பக்கம் பேசியது.

நம் ஊரில் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகம் அமைந்தது; அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி இரவுதோறும் நட்சத்திரங்களின் ஒளியைக் குறித்துவந்து, 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1874இன் வெள்ளி இடைமறிப்பைப் பற்றிப் பொதுமக்களுக்கு எளிய நூல் எழுதியவரும் அவரே.

விக்ரம் தெரியுமா?

இந்தக் கேள்வி வராத நிலவு நோக்கல் கிடையாது. கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். 114 மி.மீ. தொலைநோக்கியால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய அளவு நிலவில் ஏறத்தாழ 2 கி.மீ. விக்ரம் தரையிறங்கி சுமார் 2 மீட்டர் அகலம். ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியானால் ஆயிரம் மடங்கு பெரிய, 114 மீட்டர் ஆடி வேண்டும். சிலியில் கட்டப்பட்டுவரும் உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியின் ஆடியே 39 மீட்டர்தான்.

கருவியைக் காண முடியாவிட்டாலும் இடத்தைக் காட்டலாம். நிலவின் தென்முனைப் பக்கம் மான்சினஸ் என்ற கிண்ணக்குழி இருக்கிறது. விக்ரம் இறங்கியது அந்த வட்டாரத்தில், தென் அட்சம் 69 டிகிரியில். 2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. அன்று வளர்பிறை சப்தமி. அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம், அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. சூரிய ஒளியால் இயங்கும் கருவிக்கு ஒரு முழு நிலவுப் பகல், நம் கணக்கில் 14 நாட்கள் கிடைத்தன. அங்கே பிரக்யான் ஆராய்ந்த மண், வெண்ணிற அனார்த்தசைட் பாறை வகையை ஒத்தது. நிலவின் வெண்பகுதியெல்லாம் பெரும்பாலும் அதுதான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அதே வகைப் பாறை இருக்கிறது. தரையிறங்கியையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் செய்தது அந்தப் பாறையைப் பொடித்துத்தான். கருத்த 'கடல்கள்' எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகம் வானத்தை மூடும். அந்த மாதங்களில், நாசாவின் நிலவு சுற்றுக்கலம் எடுத்த படங்களை ஆய்வகக் கணினியில் திறந்து வேலை செய்யலாம், எல்லோருக்கும் இலவசம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் விழுந்து நொறுங்கியபின் அது எங்கே கிடக்கிறது என்பது தெரியவில்லை. சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், விழுவதற்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெண்புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். டிசம்பர் 2ஆம் தேதி அது விக்ரமின் சிதறல் என்று நாசா அறிவித்தது. மாணவர்களுக்கும் அப்படி ஒரு தேடலைக் கொடுங்கள். 'அமைதிக் கடலுக்கு' வடமேற்கே உள்ள 'தெளிவுக் கடலில்', விக்ரம் சாராபாய் பெயரிட்ட சுமார் 8 கி.மீ. குழி ஒன்று இருக்கிறது. நம் 1800 புள்ளிப் படத்தில் அது நான்கே புள்ளி. சுற்றுக்கலப் படத்தில் முதலில் இடத்தைக் குறித்துக்கொண்டு, மழை ஓய்ந்தபின் ஒரு வளர்பிறை சப்தமியில் 90 மடங்கு உருப்பெருக்கத்தில் தங்கள் படத்தில் அதைத் தேடட்டும்.